பேரை மட்டும் குடு

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, பினாங்கு வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில், இருபது வயதுப் பிள்ளைகள் பதினொரு பேரை மாதா கோயில் மண்டபத்தில் உட்கார வைத்துக் கடனைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு தனித் தெம்பு வேண்டும். ஐரீனுக்கு அந்தத் தெம்பு இரண்டாவது வாரத்திலேயே தீர்ந்துபோயிற்று. இன்று மூன்றாவது வாரம். இன்னும் ஒரு வாரம் பாக்கி இருந்தது.

இந்தத் தலைவலியை அவளாகத் தேடிப் போகவில்லை. ஃபாதர்தான் ஞாயிறு பூசை முடிந்ததும் வாசலில் பிடித்துக்கொண்டார். "பேங்க்ல கடன் பிரிவுல இருபத்தாறு வருஷம் இருந்தவங்க நீங்க. நம்ம பிள்ளைங்க மொதல் சம்பளம் வாங்குன மறுமாசமே கடன்காரனா வந்து நிக்குதுங்க. நாலு வாரம் சொல்லிக் குடுங்களேன்." முட்டி வலி, வீட்டில் ஆயிரம் வேலை, வேறு யாரையாவது பாருங்கள் ஃபாதர் என்று சொல்லியிருக்கலாம். சொல்வாளா? மாட்டேன் என்ற சொல் பிறந்ததிலிருந்து ஐரீனின் வாயில் வந்ததே இல்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தாள். ஆட்டிய தலைக்குத்தான் இப்போது வெயிலில் இடி.

முதல் வாரம் சம்பளச் சீட்டை எப்படிப் படிப்பது என்று சொல்லிக்கொடுத்தாள். பாதிப் பேர் அதைப் பிரித்துப் பார்த்ததே இல்லை. கையில் வருவதுதான் சம்பளம் என்று இருந்தார்கள். இரண்டாவது வாரம் கிரெடிட் கார்டும், போனில் ஒரு தட்டுத் தட்டினால் செருப்பிலிருந்து செல்போன்வரை தவணையில் வருகிற கதையும். இன்றைக்கு நடத்த வேண்டியது பேர். அதாவது அடுத்தவருக்காக உன் பேரில் கடன் எடுக்காதே என்கிற பாடம். அதை நினைத்துத்தான் காலையிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

காரணம் வீட்டில் உட்கார்ந்திருந்தது. காரணத்தின் பேர் பாக்கியநாதன், அவள் கணவர்.

ஏர்கோன் சர்வீஸ் தொழில் என்று ஆரம்பித்து, மூன்று வருடம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு தொழிலுக்கு எடுத்த வேனின் தவணை நின்றது, பேங்க்காரன் அதை இழுத்துக்கொண்டு போனான், ஏலத்தில் விற்றது போக மிச்சக் கடன் தலையில் நின்றது. அதை அடைக்க ஐரீன் தன் பேரில் ஒரு கடன் எடுத்தாள். வீட்டுக் கடனும் அவள் பேரில்தான். ஆக, பேங்க்கில் அவர் பேர் கெட்டுப்போயிற்று, இனி ஒரு கடனுக்கு இடமில்லாமல் அவள் பேர் நிரம்பிவிட்டது. எட்டு மாதமாக அந்த மனிதர் கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த் பக்கம் மாக் மண்டினில் இருக்கும் அடுக்குமாடி வீட்டின் ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே போகிற லோரிகளை எண்ணிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்து ஒரு குறை சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்க முடியவில்லை. கத்தித் தொலைத்திருந்தால்கூடத் தேவலை.

இரண்டு வாரத்துக்கு முன்பு, பசியாறும் நேரத்தில், அவர் ஒரு கடிதத்தை மேசையில் வைத்தார். ஜுருவில் ஒரு ஃபேக்டரி. பைராம் தோட்டம், நிபோங் திபால் பக்கமிருந்து ஆட்களை இரண்டு ஷிப்டுக்கு ஏற்றி இறக்க வேண்டும். குத்தகை ஒப்பந்தம் அவருக்கே என்று சொல்லிவிட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை, வேன் சொந்தமாக இருக்க வேண்டும்.

"நிக்கோல் பேர் சுத்தமா இருக்கு," என்றார், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே. "பேரு மட்டும்தான். மாசாமாசம் நான் கட்டிடுவேன். நீ கேட்டா அவ மறுக்க மாட்டா."

நிக்கோல் அவர்களின் ஒரே பிள்ளை. இருபத்திரண்டு வயது. ஜுரு பக்கம் இன்னொரு ஃபேக்டரியில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. சம்பளம் இரண்டாயிரத்து முந்நூறு மலேசிய வெள்ளி. வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகிறது.

ஐரீன் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். இருபத்தாறு வருடம் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எத்தனை பிள்ளைகளைப் பார்த்திருப்பாள்! அண்ணனுக்குப் பேர் கொடுத்தவன், சித்தப்பாவுக்குப் பேர் கொடுத்தவள். கல்யாணத்துக்கு முதல் மாதம் வீட்டுக் கடனுக்கு வந்து நின்று, உங்கள் பேரில் ஏற்கெனவே ஒரு காடி, யாரோ ஓட்டுகிற ஒரு கார், கடனில் ஓடுகிறதே என்றதும் மூஞ்சி செத்துப்போனவர்கள். அவ்வளவும் தெரிந்தவள் அன்றைக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும்? வேண்டாங்க, அவள் பேரைத் தொடாதீங்க என்று சொல்லியிருக்க வேண்டும்.

"பாக்கலாம்," என்றாள். கோப்பைகளை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள்.

மகளிடம் அவள் கேட்கவில்லை. கணவரிடம் மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவரும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. திங்கட்கிழமைக்குள் வேன் விவரத்தைக் கொடுக்க வேண்டும் என்று கடிதத்தில் போட்டிருந்தது. இன்று சனி.

"ஆன்ட்டி, மைக் வேலை செய்யல," என்று யாரோ சொன்னார்கள்.

"மைக் எதுக்கு, பதினோரு பேருக்கு," என்றாள். அவள் குரல் அவளுக்கே எரிச்சலாகக் கேட்டது.

நிக்கோல் ஓரமாக நின்று புரொஜெக்டர் கம்பியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். மூன்று வாரமாக இவள்தான் அம்மாவை மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, ஃபெரியில் தீவுக்குக் கொண்டுவந்து, வருகைப் பதிவு எடுத்து, நாற்காலி அடுக்கி, திரும்பக் கூட்டிப்போவது. ஐரீன் அவள் பக்கம் பார்க்காமலே பாடத்தை ஆரம்பித்தாள். ஐந்து நிமிடத்தில் நான்கு பேர் போனுக்குள் போய்விட்டார்கள். ஒரு பையன் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினான், அது ஒரு வித்தைதான். இந்த லட்சணத்தில் படம் காட்டிப் பிரயோசனமில்லை என்று புரொஜெக்டரை அணைக்கச் சொன்னாள்.

"எல்லாரும் போனைக் கீழ வைங்க. ஒரு நாடகம் போடுவோம். நான் அத்தை. எனக்கு ஒரு காடி வேணும், பேங்க்ல என் பேர் கெட்டுப்போச்சு. உங்ககிட்ட வந்து கேக்கப் போறேன். நீங்க மாட்டேன்னு சொல்லணும். அவ்ளோதான் வேலை. யாரு வர்றது?"

டேரில் எழுந்தான். சாப்பாடு டெலிவரி செய்கிற பையன், இருபது வயது, வாய்த் துடுக்கு. "ஈசி லா ஆன்ட்டி," என்று முன்னால் வந்து நின்றான்.

ஐரீன் தோளைத் தளர்த்தி, குரலை இழுத்தாள். "டேரில் கண்ணு, பசியாறிட்டியாப்பா?"

மண்டபம் சிரித்தது.

"ஆச்சு அத்தை."

"எளைச்சுப் போய்ட்டியே. அத்தை உன்னை இடுப்புல தூக்கிட்டு கிளினிக்குக்கும் வீட்டுக்கும் நடந்தவ, ஞாபகம் இருக்கா? நான் ஒண்ணும் காசு கேட்டு வரலைப்பா. பேரை மட்டும் குடு. மாசாமாசம் நானே கட்டிடுறேன்."

"அது வந்து அத்தை…" டேரில் தலையைச் சொறிந்தான். "எனக்கே மோட்டார் லோன் ஓடுது லா."

"அது எப்ப முடியுது?"

"நாலு மாசத்துல."

"அப்ப நாலு மாசம் கழிச்சு வரேன் கண்ணு."

"அலாமா!" என்று பின்வரிசையில் ஒருவன் கைதட்டினான். டேரில் சிரித்துக்கொண்டே நாற்காலியில் விழுந்தான்.

அடுத்து கிறிஸ்டல் வந்தாள். பேரங்காடியில் காசாளர், பத்தொன்பது வயது, நறுக்கென்று பேசுகிறவள். இவளாவது சொல்வாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அத்தை பேசி முடித்ததும் முதுகை நிமிர்த்திக்கொண்டு, "சாரி ஆன்ட்டி, ஐ கான்ட்," என்றாள்.

"இங்கிலீஷ்ல சொன்னா சேத்தி இல்ல. உன் சொந்த அத்தைகிட்ட இங்கிலீஷ்லயா பேசுவ? தமிழ்ல சொல்லு."

"முடி…" கிறிஸ்டல் நின்றாள். "முடியாதுங்க அத்தை." சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, வேணாம் ஆன்ட்டி. தமிழ்ல சொன்னா மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்கு."

"நான் பாக்கலாம் அத்தைன்னுடுவேன்," என்றான் தூங்கிக்கொண்டிருந்த பையன். "அப்புறம் போனை எடுக்க மாட்டேன்."

வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஐரீனும் சிரித்திருப்பாள், வேறு நாளாக இருந்தால்.

"பாக்கலாம்னா என்ன அர்த்தம்?"

"முடியாதுன்னு அர்த்தம், ஆன்ட்டி."

"சொல்ற உனக்கு அப்படி. கேக்குற அத்தைக்கு?"

பையன் யோசித்தான். "கேக்குறவங்களுக்கு… சரின்னு படும்."

"அவங்க போய் ஷோரூம்ல முன்பணம் கட்டிட்டு வந்துருவாங்க. பிறகு நீ எங்க ஓடுவ?"

இவ்வளவு தெளிவாகச் சொல்கிறவள் யார் என்று அவளுக்கே கேட்கத் தோன்றியது. அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கக் கூசியது.

"நிக்கோல் அக்கா வரட்டும்," என்றாள் கிறிஸ்டல். "மகளுக்குத் தெரியும்ல எப்படிச் சொல்றதுன்னு."

"ஆமா, ஆமா, நிக்கோல் அக்கா!"

எதைக் கேட்டாலும் உடனே எழுந்து வருகிற பெண் நிக்கோல். இன்றைக்குக் கம்பியைச் சுருட்டிக்கொண்டே, "நான் வரல, எனக்கு வேலை இருக்கு," என்றாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நேற்று ராத்திரி ஷிப்ட், தூக்கம் இல்லை, பாவம் என்று ஐரீன் நினைத்துக்கொண்டாள்.

டேரில் விடுவதாக இல்லை. "ஆன்ட்டி, உங்க வீட்ல யாராச்சும் கேட்டா, நீங்க மாட்டேன்னு சொல்லிடுவீங்களா?"

கேலியாகக் கேட்கவில்லை அவன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். பதினொரு முகமும் அவளைப் பார்த்தன. சொல்வேன் என்று சொல்ல அவளால் முடியவில்லை.

"சொல்லணும்," என்றாள். "சரி, இன்னிக்கு இது போதும்."

அரைமணி நேரம் முன்னதாகவே வகுப்பு முடிந்தது என்று பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

நாற்காலிகளை அடுக்கிவிட்டு அம்மாவும் மகளும் கிளம்பினார்கள். மோட்டாரின் பின்னால் உட்கார்ந்து, சனிக்கிழமை நெரிசலில், சுற்றுலாக்காரர்கள் சுவருக்குச் சுவர் நின்று படம் எடுக்கிற தெருக்களைக் கடந்து ஃபெரித் துறைக்குப் போகும் வழியில், ஐரீன் ஒரு முடிவுக்கு வந்தாள். கேட்கப்போவதில்லை. வீட்டுக்குப் போனதும் அவரிடம் நேராகச் சொல்லிவிடுவது. வேண்டாங்க. நிக்கோல் பேர் வேண்டாம். அவர் முகம் வாடும், வாடட்டும். வேறு வழி பார்ப்போம். ஹெல்மெட்டுக்குள் அந்த வாக்கியத்தை இரண்டு மூன்று தடவை சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தாள். அப்படி ஒன்றும் வாய் வெந்துபோகவில்லை. இரண்டு வாரத்தில் முதல் தடவையாக மூச்சு சீராக வந்தது.

மோட்டாரைக் கீழே நிறுத்திவிட்டு மேலே போய் உட்கார்ந்தார்கள். ஃபெரி நகர்ந்தது. பட்டர்வொர்த் எதிரே மங்கலாகத் தெரிந்தது. கண்ணாடிக்கு வெளியே தண்ணீர் அழுக்குப் பச்சையாக ஓடியது.

"நிக்கோல்."

"ம்."

"டேடி உன்கிட்ட ஏதாவது கேட்டா, மாட்டேன்னு சொல்லிடு. வேன் விஷயமா. நான் சொன்னேன்னு சொல்லு, பரவால்ல."

நிக்கோல் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் முதலில் ஒன்றுமே தெரியவில்லை.

"கேட்டாச்சு மம்மி," என்றாள். "புதன்கிழமையே சைன் போட்டாச்சு. நேத்து லோன் அப்ரூவ் ஆயிடுச்சு."

உடனே ஐரீனுக்கு வந்தது கோபமில்லை, பயமுமில்லை. நிம்மதி. அப்பாடா, நான் கேட்க வேண்டியதில்லை, தானாக முடிந்துவிட்டது என்று நெஞ்சு ஒரு நொடி லேசாயிற்று. அந்த நிம்மதி வந்த வேகத்தை அவளே பார்த்தாள். சீ என்று தன்மேல் அருவருப்பு வந்தது.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். டேடி கேட்டப்ப எனக்கு இஷ்டமே இல்ல மம்மி. வாய்க்குள்ள வச்சிருந்தேன், மாட்டேன்னு. ஆனா அவரு மூஞ்சியைப் பாத்துச் சொல்ல வரல. அதான் மம்மி என்ன சொன்னாங்கன்னு கேட்டேன். நீங்க வேணாம்னு சொல்லியிருந்தா அதையே சொல்லித் தப்பிச்சிக்கலாம்ல." நிக்கோல் விரல் நகத்தைக் கிள்ளினாள். "மம்மி பாக்கலாம்னு சொன்னாங்கன்னாரு."

ஐரீன் கண்ணாடிப் பக்கம் திரும்பினாள்.

"நீங்க பாக்கலாம்னா நடக்கும்னுதானே? ஸ்கூல் டிரிப்புக்கு அப்படித்தான் சொல்வீங்க. அந்த வெள்ளை ஷூவுக்கும் அப்படித்தான் சொன்னீங்க, மறுவாரம் வாங்கிட்டு வந்தீங்க. நீங்க பாக்கலாம்னு சொல்லி ஒண்ணுகூட நடக்காம இருந்ததில்ல மம்மி." பிறகு சற்றுக் குரலைத் தாழ்த்தி, "பேங்க்ல இருந்தவங்க நீங்களே சரின்னா, நான் யாரு வேணாம்னு சொல்ல," என்றாள்.

பாக்கியநாதன் பொய் சொல்லவில்லை. அது இன்னும் மோசம். அவர் பொய் சொல்லியிருந்தால் அவரைத் திட்டித் தீர்த்துவிடலாம். அவள் சொன்ன சொல்லை அட்சரம் மாறாமல் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்.

"வண்டி எப்ப எடுக்கிறது?" என்று கேட்டாள். கடன் பிரிவுக் குமாஸ்தா தானாகக் கேட்கிற கேள்வி அது.

"திங்கக்கிழமைதான் என் பேருக்குப் பதிவு பண்றாங்க. அன்னிக்கே எடுக்கலாமாம்."

அப்படியென்றால் இன்னும் நேரம் இருக்கிறது. இது ஐரீனுக்கு நன்றாகத் தெரியும். வண்டி பதிவாகி பேங்க் பணத்தை விடுகிறவரைக்கும் ஒன்றும் முடிந்துபோகவில்லை. திங்கள் காலையில் ஒரு போன், ஒரு கடிதம், முன்பணம் ஐந்நூறு வெள்ளி போகும், அவ்வளவுதான். எத்தனையோ பேருக்கு அவள் கையாலேயே அப்படி ரத்து செய்து கொடுத்திருக்கிறாள். இப்போது ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நான் சரின்னு சொல்லலைம்மா.

நிக்கோல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க சரின்னுதானே சொன்னீங்க, மம்மி?"

இல்லை என்ற பதிலுக்காகத்தான் அந்தப் பிள்ளை கேட்கிறாள். பெற்றவளுக்கு இதுகூடவா தெரியாது! கண்ணில் கெஞ்சல் அப்படியே நின்றது.

ஐரீன் கணவரை நினைத்தாள். வியாழக்கிழமை சலூனுக்குப் போய் முடிவெட்டிக்கொண்டு வந்தார். நேற்று பழைய டைரி ஒன்றைத் தேடி எடுத்து, தோட்டத்து ஆட்கள் யார் யார், எந்த முக்கில் ஏறுவார்கள் என்று போனில் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். பைராம் தோட்டத்தில் ஏழு பேர், நிபோங் திபாலில் நாலு பேர். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்த மனிதரின் குரல் வீட்டில் கேட்டது. எதற்கு இவ்வளவு உற்சாகம் என்று அப்போதும் அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று கேட்கவில்லை. இன்றைக்கு ராத்திரி போய், ரத்து பண்ணுங்க என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மறுபடி ஜன்னல், மறுபடி லோரி. அதற்கு அவளிடம் தெம்பில்லை. நியாயம் தெரியாமல் இல்லை, தெம்புதான் இல்லை.

"ஆமா," என்றாள். "யோசிச்சுத்தான் சொன்னேன்."

நிக்கோல் தலையாட்டினாள். கெஞ்சல் கண்ணிலிருந்து போய்விட்டது. வேறு எதுவும் அங்கே வந்து உட்காரவில்லை. போனை எடுத்து எதையோ பார்த்தாள், பிறகு மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"எத்தனை வருஷம்?"

"ஒம்போது. மாசம் எழுநூத்தி முப்பது."

கடன் முடியும்போது இவளுக்கு முப்பத்தோரு வயது ஆகும். ஐரீன் கணக்குப் போட வேண்டியதில்லை, மனசு தானாகப் போட்டுவிட்டது. டேடி கட்டிடுவாரு என்று சொல்ல நினைத்தாள். இரண்டாவது பொய்க்கு வாய் வரவில்லை.

ஃபெரி வேகம் குறைந்தது. சனங்கள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். நிக்கோலும் எழுந்து ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டாள்.

"அடுத்த வாரம் நான் வரல மம்மி," என்றாள். "சனிக்கிழமை ஓவர்டைமுக்குப் பேர் குடுத்துட்டேன். இனிமே எல்லா சனிக்கிழமையும்."

கேட்கவில்லை, சொன்னாள். புரொஜெக்டரை யார் பார்த்துக்கொள்வது, நான் எப்படி வருவது என்றெல்லாம் ஐரீனுக்கு வாய்வரை வந்தது. ஒன்றையும் கேட்காமல், முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மகளுக்குப் பின்னால் படியிறங்கினாள்.